பாப்பாவுக்கு ஃபைபர் கட்டு பிரிக்கணும், அந்த மெஷின் தோலை வெட்டிடுமா?

திருப்பாப்புலியூர் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். கடலூர்ல இருந்து எழுதறேன். என் பொண்ணுக்கு ஏழு வயசு. போன மாசம் மஞ்சக்குப்பம் மைதானத்துல சைக்கிள் பழகும்போது கைய ஊனி விழுந்துட்டா, முன்னங்கைல ரெண்டு எலும்பும் முறிஞ்சிருக்குன்னு எக்ஸ்ரேல தெரிஞ்சது. முதல்ல வீக்கம் வடியட்டும்னு அரைக்கட்டு போட்டு வெச்சிருந்து அப்புறம் முழங்கைக்கு மேல வரைக்கும் ஃபைபர் கட்டு போட்டாங்க, ரோஸ் கலர், அவளே கேட்டு வாங்கினது. வர்ற வியாழக்கிழமையோட அஞ்சு வாரம் முடியுது, அன்னைக்கு பிரிச்சிடலாம்னு டாக்டர் சொல்லிட்டார்.

பிரச்சனை என்னன்னா போன தடவை எக்ஸ்ரே எடுக்க போனப்ப பக்கத்து ரூம்ல ஒரு தாத்தாவுக்கு கால் கட்டு வெட்டிட்டு இருந்தாங்க, கதவு திறந்தே கெடந்தது. வட்டமா பல்லு பல்லா ஒரு பிளேடு, ஙொய்ய்ய்னு காதைப் பொளக்கற சத்தம், வெள்ளை வெள்ளையா தூசி பறக்குது, பாப்பா எல்லாத்தையும் பார்த்துட்டா. அன்னைலேர்ந்து ராத்திரி தூக்கத்துல எழுந்து உக்காந்து "அம்மா எனக்கு கட்டு இருக்கட்டும்மா, அரிக்கல, வலிக்கல, இருக்கட்டும்மா"னு அழறா. அரிக்கலன்னு அவ சொல்றது பொய், பகல்ல பூரா சொறிய முடியாம தவிக்கறா, அந்த மெஷினுக்கு பயந்துதான் அப்படி சொல்றா, அதைக் கேக்கறப்ப மனசு தாங்கல.

எங்க வீட்டுக்காரர் டைல்ஸ் வேலை எடுத்து செய்யறவர். அவர்கிட்ட இருக்கற கட்டர் கல்லையே அறுக்கும், அந்த மாதிரி ஒண்ணை கொழந்த கை மேல வெப்பாங்களான்னு அவரும் ஆடிப்போயிருக்கார். மாமியார் என்ன சொல்றாங்கன்னா வெந்நீர்ல ஊற வெச்சு வீட்டுலயே பிரிச்சிடலாம், அந்த காலத்துல அப்படித்தான் செஞ்சோம்னு. கொழுந்தனார் ஆக்ஸா பிளேடு போதும், அண்ணன் கை பதமா அறுத்துடும்ங்கறார்.

அந்த மெஷின் தோலை வெட்டுமா வெட்டாதா, வீட்டுல பிரிக்க வழி இருக்கா, பாப்பாகிட்ட என்ன சொல்லி கூட்டிட்டு போறது, அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க. இன்னொண்ணும் இருக்கு, கிளாஸ் பசங்க எல்லாம் கட்டு மேல ஸ்கெட்ச் பேனால பேர் எழுதி ஒரு பூனை வேற வரைஞ்சு குடுத்திருக்காங்க, அந்த பூனை வெட்டுப்படக் கூடாதுன்னு அது ஒரு தனி அழுகை.

முத்தியால்பேட்டை, பிளாஸ்டர் ரூம் (ரிட்டயர்டு):

பயப்படாத மா. நான் பாண்டிச்சேரில ஒரு ஆஸ்பத்திரி பிளாஸ்டர் ரூம்ல 27 வருஷம் மாவுக்கட்டு போட்டும் பிரிச்சும் வேலை பார்த்தவன், இதைப் பத்தி எனக்கு தெரிஞ்சதை முழுசா சொல்றேன், கொஞ்சம் நீளமா போவும், படிச்சிடு.

முதல் விஷயம், அந்த பிளேடு சுத்தறதே கெடையாது. பார்க்க வட்டமா ரம்பம் மாதிரி இருக்கறதால எல்லாரும் சுத்துதுன்னு நெனைச்சுக்கறாங்க. அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சில டிகிரி மட்டும்தான் ஆடும். விளிம்புல அளந்தா ரெண்டு மூணு மில்லிமீட்டர் வரும், அவ்ளோதான். ஆனா நிமிஷத்துக்கு 10,000 தடவைக்கு மேல ஆடறதால நம்ம கண்ணுக்கு அந்த ஆட்டம் பிடிபடாது, சத்தம் மட்டும் பெருசா கேக்கும்.

இப்ப நீ ஒண்ணு செஞ்சு பாரு. ஆள்காட்டி விரலை இன்னொரு கையோட புறங்கைல வெச்சு லேசா அழுத்தி முன்னாடி பின்னாடி ரெண்டு மில்லிமீட்டர் ஆட்டு. விரல் தேயாது, தோலும் விரலோட சேர்ந்தே போய்ட்டு வரும். அதே விரலை ஒரு கொட்டாங்குச்சி மேல வெச்சு ஆட்டு, கொட்டாங்குச்சி அசையாது, விரல்தான் அது மேல தேயும். மெஷின் வேலை செய்யறதும் இப்படித்தான். கட்டு கெட்டி, அசைய முடியாம நிக்கறதால பல்லு அதை அரிச்சு எடுக்குது. தோல் மெத்துனு இருக்கு, பல்லோட சேர்ந்து அதுவும் ஆடிடுது, அறுபடறதில்ல. அதுக்கும் மேல கட்டுக்கும் தோலுக்கும் நடுவுல பஞ்சு ரோல் சுத்தியிருக்கும். நான் ஒவ்வொரு கொழந்தைக்கும் முன்னாடி மெஷினை ஓட விட்டு என் உள்ளங்கைல மெல்ல வெச்சு காட்டிட்டுதான் கட்டு மேல வெப்பேன், 27 வருஷத்துல என் கைல ஒரு கீறல் கெடையாது.

ஆனா வெட்டவே வெட்டாதுன்னு சொல்ற ஆளு நான் இல்ல, அப்படி சொல்றவங்களை நம்பாதே. தோல் நழுவி ஆட எடம் இல்லாத எடத்துல வெட்டும். ரத்தம் கசிஞ்சு பஞ்சு காஞ்சு தோலோட ஒட்டி விறைச்சு போயிருந்தா அந்த எடத்துல வெட்டும். எலும்பு துருத்திட்டு இருக்கற எடம், அதாவது மணிக்கட்டுல சுண்டுவிரல் பக்கம் இருக்கற மொட்டு, முழங்கை முனை, கணுக்கால் மொட்டு, அங்க தோலுக்கு அடியில சதை இல்லாததால ஜாக்கிரதையா ஒதுங்கிப் போவணும். வயசானவங்களுக்கு முழங்கால் கீழ தோல் வெங்காய சருகு மாதிரி இருக்கும், அங்கயும் அப்படித்தான். கட்டுக்குள்ள கம்பி வெச்சிருந்தா அதை பிரிக்கறவர்கிட்ட முதல்லயே சொல்லிடணும். உன் பொண்ணுக்கு ஆபரேஷன் இல்ல, காயம் இல்ல, ஃபைபர் கட்டு போடறதுக்குள்ள வீக்கமும் வடிஞ்சிருக்கு, அதனால இந்த பயம் ரொம்ப கம்மி.

நெஜமா கவனிக்க வேண்டியது சூடு. ஆமா மா, சூடுதான். பிளேடு கட்டுல தேயறதால சூடேறும், மாவுக்கட்டை விட ஃபைபர்ல கூடுதலா ஏறும், பல்லு மழுங்கின பிளேடா இருந்தா இன்னும் ஏறும். வெட்டற ஆளு அவசரத்துல பிளேடை உள்ளயே வெச்சு கத்தியால கோடு இழுக்கற மாதிரி இழுத்துட்டே போனா, அந்த சூட்டுல தோல் வெந்துடும். 60 டிகிரி சூடு அஞ்சு செகண்டு தோல்ல பட்டா போதும், ஆழமா பொசுங்கும், கொழந்தை தோலுக்கு அதை விட கொறைச்ச நேரமே போதும்.

சரியா வெட்டறது எப்படின்னு சொல்றேன், நீ பக்கத்துல நின்னு பாரு. கட்டை விரலையோ ஆள்காட்டி விரலையோ கட்டு மேல ஊனி வெச்சுக்கணும், அதுதான் பிளேடு உள்ள பாயாம பிடிச்சு நிறுத்தற பிரேக். நேரா அழுத்தணும், கட்டு அறுந்து முடியற நொடில கைக்கு ஒரு தளர்ச்சி தெரியும், அது வரைக்கும் விர்ருனு எதுத்துட்டு இருந்தது சட்டுனு விட்டுக் குடுக்கும், சத்தமும் மாறும், உடனே வெளிய எடுத்துடணும். அப்புறம் ஒரு பிளேடு அகலம் தள்ளி வெச்சு மறுபடி அழுத்தி எடுக்கணும். குத்தி எடு, குத்தி எடு, தையல் மாதிரி. ஒருக்காலும் இழுக்கக் கூடாது. நாலஞ்சு குத்துக்கு ஒருக்கா மெஷினை ஆஃப் பண்ணி பிளேடை தொட்டு பார்க்கணும், சுட்டா ஸ்பிரிட் நனைச்ச பஞ்சால தொடைச்சு ஆற விடணும்.

கைக்கு நாங்க ரெண்டு பக்கமும் வெட்டு போடுவோம், உள்பக்கம் ஒண்ணு வெளிப்பக்கம் ஒண்ணு, அப்புறம் விரிக்கற இடுக்கி வெச்சு வெட்டை அகலமாக்கி, உள்ள இருக்கற பஞ்சை மொனை மழுங்கின கத்திரியால வெட்டி, சிப்பி திறக்கற மாதிரி ரெண்டா பிரிச்சு எடுத்துடுவோம். அந்த பூனை எங்க இருக்கு? முன்கை மேல நடுவுல இருந்தா வெட்டு அது கிட்டவே வராது. பக்கவாட்டுல இருந்தா பிரிக்கறவர்கிட்ட முன்னாடியே சொல்லு, ரெண்டு விரக்கடை தள்ளி வெட்ட முடியும்.

பாப்பாகிட்ட வலிக்காதுன்னு மட்டும் சொல்லி கூட்டிட்டு போவாதே. "சத்தம் பெருசா வரும், கிச்சுகிச்சு மூட்டற மாதிரி அதிரும், சுட்டா உடனே சூடுன்னு கத்து, மாமா நிறுத்திடுவார்"னு உள்ளதை சொல்லு. நிறுத்தற அதிகாரம் அவ கைல இருக்குன்னு தெரிஞ்சா பாதி பயம் போயிடும். காதுக்கு ஹெட்ஃபோன் மாட்டி அவளுக்கு புடிச்சதை போட்டு விடு, உன் மடில உக்கார வெச்சுக்கோ.

நெல்லித்தோப்பு பையன்:

பெரியவர் சூடு பத்தி சொன்னது நூத்துக்கு நூறு நெசம், எங்கம்மாவுக்கு நடந்ததால சொல்றேன். அம்மாவுக்கு கணுக்கால் முறிஞ்சு ஃபைபர் கட்டு, பேர் வேணாம் ஒரு தனியார் ஆஸ்பத்திரில பிரிச்சாங்க. வெட்டிட்டு இருக்கறப்ப அம்மா "சுடுது சுடுது"ன்னு ரெண்டு தடவை சொன்னாங்க, அந்த ஆளு "அப்படித்தான் இருக்கும், சும்மா இருங்க"ன்னு நிறுத்தாம இழுத்துட்டே போனார், நான் பக்கத்துல நின்னுட்டு அவருக்கு தெரியாததா நமக்கு தெரியப்போவுதுன்னு வாயை மூடிட்டு இருந்தேன். கட்டு திறந்து பார்த்தா கால் பக்கவாட்டுல கோடு கோடா மூணு எடத்துல செவந்து கெடக்கு, வீட்டுக்கு வர்றதுக்குள்ள ஒண்ணு கொப்புளமாயிடுச்சு. எலும்பு நல்லா கூடிடுச்சு, அந்த புண்ணு ஆற மூணு வாரத்துக்கு மேல ஆச்சு, தழும்பு இன்னைக்கும் பேனால கோடு போட்ட மாதிரி இருக்கு. அன்னைக்கு நான் ஒரு வார்த்தை "நிறுத்துங்க"ன்னு சொல்லியிருக்கலாம், அது இன்னும் என்னை அறுத்துட்டு இருக்கு. அக்கா, நீங்க கூச்சப்படாதீங்க, பாப்பா சூடுன்னு சொன்னா கையப் புடிச்சு நிறுத்துங்க.

இன்னொண்ணு, சக்கரை உள்ளவங்களுக்கு கால்ல உணர்ச்சி கொறைஞ்சிருக்கும், சுடறது அவங்களுக்கு தெரியாது. வீட்டுல பெரியவங்களுக்கு கட்டு பிரிக்கறதுன்னா வெட்டறவர்கிட்ட இதை முதல்லயே சொல்லிடணும்.

டைல்ஸ் வேலை (பாப்பாவோட அப்பா):

எல்லாருக்கும் நன்றி. வீட்டம்மா காட்டினாங்க, படிச்சேன். ஒரு சந்தேகம். என் 4 இன்ச் கிரைண்டரும் நிமிஷத்துக்கு 11,000 சுத்துன்னு மேல எழுதியிருக்கு, அது ஒரு தடவை வழுக்கி என் பேண்ட்டை சுருட்டி உள்ள இழுத்துடுச்சு, துணியோட போச்சு. இதுவும் 10,000ன்னா எப்படி வித்தியாசம்?

வில்லியனூர், பயோமெடிக்கல்:

அண்ணே, நீங்க சொன்ன அந்த பேண்ட் விஷயத்துலயே பதில் இருக்கு. கிரைண்டர் ஒரே திசைல முழுசா சுத்துது, ஒரு பல்லு துணிய கவ்வினா அடுத்த பல்லு அதை இன்னும் உள்ள இழுக்கும், அதுக்கடுத்த பல்லு இன்னும் உள்ள, அப்படியே சுருட்டிடும். இந்த மெஷின் ரெண்டு மில்லிமீட்டர் போனதும் திரும்பி வந்துடுது, கவ்வினதை அதுவே விட்டுடுது. பஞ்சையோ துணியையோ சுருட்டறதுக்கு அதுக்கு தூரமே கெடைக்காது. உள்ள இருக்கறது சாதாரண சுத்தற மோட்டார்தான், அந்த சுத்தை ஒரு ஓரம் தள்ளின அச்சு வெச்சு கவை மாதிரி ஒரு பாகத்தை ஆட்டற ஆட்டமா மாத்திடறாங்க. நான் ஆஸ்பத்திரி சாமான் சர்வீஸ் பண்றவன், கழட்டி மாட்டியிருக்கேன், அந்த கவை தேஞ்சு போச்சுன்னா மெஷின் கடகடன்னு சத்தம் போடும், வெட்டாது, வெட்டாததால ஆளுங்க அழுத்துவாங்க, அழுத்தினா சூடு.

உங்க வேலைல இப்ப மல்டி டூல்னு ஒண்ணு வந்திருக்குல்ல, டைல்ஸ் இடுக்குல கிரவுட் எடுக்கறதுக்கு, பிளேடு விர்ருனு ஆடுமே, அது இதோட வாரிசுதான். ஜெர்மனில ஃபைன்னு ஒரு கம்பெனி கட்டு வெட்டற மெஷின் பண்ணிட்டு இருந்து அதே ஆட்டத்தை வெச்சு அந்த டூலை கொண்டு வந்தாங்க. அதுக்காக உங்க மல்டி டூலை எடுத்து பாப்பா கட்டுல வெச்சிடாதீங்கண்ணே, அதோட ஆட்ட அளவும் பிளேடும் மரத்துக்கும் சுவத்துக்கும் செஞ்சது, நீட்டு மொனை வேற. கிரைண்டர், மார்பிள் கட்டர், ஆக்ஸா பிளேடு எதுவும் வேணாம்.

இதைக் கண்டுபிடிச்சவர் ஹோமர் ஸ்ட்ரைக்கர்னு அமெரிக்கால மிச்சிகன் மாநிலம் கலமாசூ ஊர்ல இருந்த ஒரு எலும்பு டாக்டர். 1947ல பேட்டண்ட் கெடைச்சது. மாவு தடவின துணிக்கட்டை மத்தீசன்ங்கற டச்சு ராணுவ டாக்டர் 1851லயே கொண்டு வந்துட்டார், ஆக கட்டு போட வழி தெரிஞ்சு கிட்டத்தட்ட நூறு வருஷம், பிரிக்கறதுக்கு பெரிய கத்திரியும் கத்தியும் கை ரம்பமும்தான். அதை யோசிச்சா இந்த சின்ன ஆட்டம் எவ்ளோ பெரிய உபகாரம்னு எனக்கு தோணும். அதே ஸ்ட்ரைக்கர் ஆரம்பிச்ச கம்பெனி இன்னைக்கும் அவர் பேர்லயே ஆஸ்பத்திரி சாமான் செய்யுது.

பிளேடு பத்தி ஒண்ணு சொல்லணும். சாதாரண ஸ்டீல் பிளேடு மாவுக்கட்டுக்கு சரி, ஃபைபர்ல அது சீக்கிரம் மழுங்கிடும், ஃபைபருக்குன்னு கெட்டிப்படுத்தின பிளேடு தனியா இருக்கு. அதோட, பிளேடு முழுசா சுத்தாததால கீழ் பக்கம் இருக்கற கொஞ்சம் பல்லுதான் தேயும், மத்த பல்லு எல்லாம் புதுசாவே இருக்கும். நட்டை தளர்த்தி பிளேடை கொஞ்சம் திருப்பி மாட்டினா போதும், புது பல்லு கெடைச்சிடும். இது ஒரு நிமிஷ வேலை, நான் சர்வீஸ் போற எடத்துல எல்லாம் சொல்றேன், நெறைய எடத்துல செய்யறதில்ல, கீழ் பல்லு கறுத்து மொட்டையா இருக்கும், மேல் பல்லு பளபளன்னு இருக்கும், பார்த்தாலே வயித்தெரிச்சல். அக்கா, நீங்க போறப்ப "ஃபைபர் பிளேடா, பல்லு நல்லா இருக்கா"ன்னு தாராளமா கேளுங்க, தப்பா நெனைக்க மாட்டாங்க.

பண்ருட்டி மலர்க்கொடி அத்தை:

ஊற வெச்சு பிரிக்கறது பத்தி நான் சொல்றேன் மா, ஏன்னா அதை நான் செஞ்சிருக்கேன். என் பேரனுக்கு பொறக்கறப்பவே ரெண்டு பாதமும் உள்பக்கம் வளைஞ்சிருந்தது, ஜிப்மர்ல பொன்செட்டி முறைன்னு வாரத்துக்கு ஒரு கட்டு மாத்தி மாத்தி போட்டு பாதத்தை கொஞ்சம் கொஞ்சமா நேராக்கினாங்க. தொடை வரைக்கும் மாவுக்கட்டு. கைக்கொழந்தைக்கு மெஷின் வேணாம்னு எங்களையே பிரிச்சு கொண்டு வர சொன்னாங்க. வெதுவெதுப்பான தண்ணில கால் ரெண்டையும் விட்டு மேல ஈரத்துணி சுத்தி வெச்சா மாவு எளகி கூழாட்டம் ஆயிடும், துணி முனைய புடிச்சு அப்படியே சுத்து சுத்தா எடுத்துடலாம். தண்ணில கொஞ்சம் வினிகர் விட்டா இன்னும் சுளுவு. ராத்திரியே பிரிச்சு வெச்சுடக் கூடாது, விட்டா பாதம் திரும்ப உள்ள மடங்கும்னு சொல்லியிருந்தாங்க, அதனால விடியக்காலைல எழுந்து பிரிச்சு கொழந்தைய குளிப்பாட்டி முதல் பஸ்ஸை புடிச்சு பாண்டில ஜிப்மர் இருக்கற கோரிமேடு போய் நிப்போம். அந்த ஒரு மணி நேரம்தான் அவன் காலை ஒதைச்சு விளையாடுவான், பார்க்க கண்ணு கலங்கும். இப்ப ரெண்டாவது படிக்கறான், ஓடற ஓட்டத்துக்கு புடிக்க முடியல.

ஆனா அது எல்லாம் மாவுக்கட்டுக்கு மட்டும்தான். உன் பொண்ணுக்கு போட்டது ஃபைபர், தண்ணில நாள் பூரா கெடந்தாலும் அது எளகாது. உள்ள இருக்கற பஞ்சுதான் நனைஞ்சு ஊறி தோல் அவிஞ்சு போவும். மாமியார்கிட்ட இதை பக்குவமா சொல்லு, அவங்க காலத்துல எல்லாம் மாவுதான், அவங்க சொன்னதுல தப்பு இல்ல.

முத்தியால்பேட்டை, பிளாஸ்டர் ரூம் (ரிட்டயர்டு):

அந்தம்மா சரியா சொல்லிட்டாங்க. ஃபைபர் கட்டுல துணிக்கு பதிலா கண்ணாடி நார், மாவுக்கு பதிலா பாலியூரித்தேன் பிசின். தண்ணி பட்டா அந்த பிசின் கெட்டியாவும், ஒருக்கா கெட்டியானது ஆனதுதான், திரும்ப எளகறது கெடையாது.

மெஷின் இல்லாம பிரிக்க முடியுமான்னா முடியும், கத்திரி இருக்கு. ஒரு முழம் நீளத்துக்கு பெரிய கத்திரி, கீழ் அலகு வாத்து மூக்கு மாதிரி தட்டையா இருக்கும், அதை கட்டுக்கும் பஞ்சுக்கும் நடுவுல நுழைச்சு கடிச்சு கடிச்சு போவணும். 2011 டிசம்பர் 30 தானே புயல் நம்ம ரெண்டு ஊருக்கும் நடுவுல கரையைக் கடந்து சாய்ச்சதே, அப்புறம் வாரக்கணக்குல நெறைய எடத்துல கரண்ட் கெடையாது. முந்திரி மரம் விழுந்து, ஓடு விழுந்து, கூரை பிரிஞ்சு கை கால் முறிஞ்சு வந்தவங்களுக்கு கட்டு மேல கட்டு போட்டோம். ஜெனரேட்டர் ஆபரேஷன் தியேட்டருக்கே பத்தல, அதனால பழைய கட்டு பிரிக்க வந்தவங்களுக்கு எல்லாம் பீரோல துருப்புடிச்சு கெடந்த அந்த கத்திரிய எடுத்து சாணை புடிச்சுதான் வேலை பார்த்தேன். ஒரு கால் கட்டுக்கு முக்கா மணி நேரம், சாயங்காலம் ஆனா என் உள்ளங்கை பூரா கொப்புளம். அந்த கத்திரிலயும் தோலை கிள்ளிடாம பார்த்துக்கணும், முழங்கை மடிப்புல கிள்ளும். அதனால மெஷினை விட கத்திரி பத்திரம்னு நெனைக்க வேணாம்.

இன்னொண்ணு மறந்துட்டேன். பாப்பா அரிப்புக்கு உள்ள எதாவது விட்டு சொறிஞ்சாளான்னு மெல்ல கேட்டு வை. துடைப்பக்குச்சி, ஸ்கேல், பென்சில், ஹேர்பின், எல்லாம் உள்ளேர்ந்து எடுத்திருக்கேன். ஒரு பையனுக்கு ஒரு ரூபா காசு உள்ள போயி சதைல பதிஞ்சு வட்டமா புண்ணாயிருந்தது, அவன் அடிப்பாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல. திட்டாம கேளு.

திருப்பாப்புலியூர் அம்மா:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. இன்னைக்கு போயிட்டு வந்துட்டோம், அப்படியே எழுதறேன்.

நேத்து ராத்திரி பெரியவர் சொன்ன மாதிரி கேட்டேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு அப்புறம் என் காதுல வந்து "ஒரே ஒரு ஐஸ் குச்சி உள்ள போயிடுச்சும்மா"ன்னா. அப்பதான் புரிஞ்சது, மெஷின் பயம் பாதி, கட்டு திறந்தா குச்சி தெரிஞ்சிடும்ங்கற பயம் பாதி. திட்ட மாட்டேன்னு சொன்னதும் அப்படியே கட்டிப்புடிச்சுட்டு தூங்கிட்டா. அந்த புறங்கை, கொட்டாங்குச்சி விளையாட்டை அவங்கப்பா காலைல அவளுக்கு செஞ்சு காட்டினார், ஆட்டோல போறப்பவும் என் கைல விரலை வெச்சு ஆட்டி ஆட்டி பார்த்துட்டே வந்தா.

பிளாஸ்டர் ரூம்ல இருந்தவர் சின்ன பையன், 25 வயசு இருக்கும். குச்சி விஷயத்தை சொன்னேன், பிளேடு பத்தி கேட்டேன், கொஞ்சம் ஆச்சரியமா பார்த்தார், அப்புறம் அவரே டப்பாலேர்ந்து புது பிளேடு எடுத்து மாட்டினார். அவர்கிட்ட மெஷினோட ஓஸ் வெச்ச வேக்குவம் இருந்தது, தூசி அவ்ளோவா பறக்கல, ஆனா சத்தம் அதுவும் சேர்ந்து டபுளா இருந்தது. முதல்ல மெஷினை ஆஃப்ல வெச்சு பாப்பாவை தொட்டு பார்க்க சொன்னார், அப்புறம் ஓட விட்டு அவர் உள்ளங்கைல வெச்சார், எங்க வீட்டுக்காரர் தானா கையை நீட்டினார், அவர் கைலயும் வெச்சு காட்டினார். பாப்பா அப்பா மூஞ்சியவே பார்த்துட்டு இருந்தா, அவர் சிரிச்சதும் "ம், வைங்க"ன்னுட்டா.

நடுவுல ஒருக்கா முழங்கை கிட்ட "சூடு"ன்னு கத்தினா. அந்த தம்பி சட்டுனு நிறுத்திட்டார், பிளேடை தொட்டு பார்த்து ஸ்பிரிட் பஞ்சு வெச்சு தொடைச்சு, ரெண்டு நிமிஷம் பேச்சு குடுத்துட்டு அப்புறம்தான் தொடர்ந்தார். நெல்லித்தோப்பு தம்பி, அந்த நேரத்துல உங்கம்மாவை நெனைச்சுக்கிட்டேன். எங்களுக்கு ஒரு செவப்பு கூட இல்ல.

திறந்தா உள்ள கை அவ கை மாதிரியே இல்ல. இன்னொரு கையில பாதியா மெலிஞ்சு, தோல் மஞ்சப்பழுப்பா உரிஞ்சு உரிஞ்சு, ஒரு மாதிரி புளிச்ச வாடை, முடி மட்டும் கருகருன்னு நீளமா வளர்ந்திருக்கு. ஐஸ் குச்சி மணிக்கட்டுக்கு மேல ஒட்டிட்டு இருந்தது, அதோட அச்சு தோல்ல பதிஞ்சிருக்கு, புண்ணு இல்ல. பாப்பா கையை தூக்கி "காத்து மாதிரி இருக்கும்மா"ன்னா. பூனை முழுசா தப்பிச்சிடுச்சு, வெட்டின கட்டோட ரெண்டு பாதியையும் கழுவி காய வெச்சு ஷோகேஸ்ல வெச்சாச்சு.

இப்ப அடுத்த கேள்வி. முழங்கை முழுசா நீட்ட வரல, பாதில நிக்குது. மாமியார் ஊர்ல எண்ணெய் போட்டு நீவி விடறவர் ஒருத்தர் இருக்கார், நாலு நாள் உருவி விட்டா சரியாயிடும்ங்கறாங்க, கூட்டிட்டு போகலாமா?

முத்தியால்பேட்டை, பிளாஸ்டர் ரூம் (ரிட்டயர்டு):

ரொம்ப சந்தோஷம் மா. அந்த பிளாஸ்டர் ரூம் தம்பி நல்லா இருக்கணும்.

நீவி விட மட்டும் கூட்டிட்டு போவாதே. முழங்கை ரொம்ப ரோஷமான மூட்டு. முறிஞ்ச கையோட முழங்கைய யாராவது புடிச்சு உருவி, வலுக்கட்டாயமா நீட்டி மடக்கினா சதைக்குள்ள ரத்தம் கசிஞ்சு அதுவே எலும்பா கெட்டிப்பட்டுடும், அப்புறம் மூட்டு நெரந்தரமா பூட்டிக்கும். அப்படி ஆனவங்களை நான் பார்த்திருக்கேன், ஆபரேஷன் வரைக்கும் போச்சு. அஞ்சு வாரம் மடக்கியே வெச்ச கை நீட்ட வராததுல ஆச்சரியம் இல்ல, கொழந்தைகளுக்கு பெரும்பாலும் அவங்க விளையாட விளையாட தானா வந்துடும். அவளே எவ்ளோ தூரம் நீட்டறாளோ அவ்ளோ தூரம் விடு, நீ புடிச்சு இழுக்காதே. டாக்டர் குடுத்த தேதிக்கு போய் காட்டு, அவர் சொன்னா பிசியோகிட்ட போ. சைக்கிளும் மரம் ஏறறதும் டாக்டர் சொல்ற வரைக்கும் வேணாம், எலும்பு இப்பதான் கூடியிருக்கு, அதே எடத்துல மறுபடி முறியும்.

தோலுக்கு வெதுவெதுப்பான தண்ணில சோப்பு போட்டு மெதுவா கழுவி ஈரம் ஒத்தி எடுத்துட்டு தேங்காயெண்ணெய் தடவு, தேய்க்காம தடவு. உரியற தோலை நகத்தால கிள்ளி எடுக்க விடாதே. ரெண்டு மூணு நாள்ல வாடை போயிடும்.